நிலம் தெரியாத அந்த இரண்டு நாட்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் கணவருக்கும் சேர்த்து மகன் அண்டார்டிகா கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டானாம். பத்து நாள் பயணத்தில் போகும்போது இரண்டு நாள், வரும்போது இரண்டு நாள் வெறும் கடல். “கரையே தெரியாத அந்த நாட்களில் கப்பலில் என்ன செய்வார்கள்? இவ்வளவு பணம் கட்டிவிட்டு நான்கு நாளை வீணாக்குவதா? விமானத்தில் அந்தக் கடலைத் தாண்டிவிடும் பயணமும் உண்டாம், அதற்கு மாறிக்கொள்ளலாமா? கப்பல் ஆடும், வாந்தி வரும் என்று இவர் பயப்படுகிறார்” என்பது கேள்வி.

அம்மா, மாற வேண்டாம். கப்பலிலேயே போங்கள். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் காசிமேட்டில் பிறந்தவன். அப்பா விசைப்படகு ஓட்டினார். சரக்குக் கப்பல்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, ஆறு பருவங்கள் அண்டார்டிகா போகும் சிறிய பயணிகள் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்தேன். பருவம் என்பது அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை, அவர்களுடைய கோடைக்காலம். நீங்கள் கேட்கிற அந்தக் கடலை, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே இருக்கும் டிரேக் கடலை, அறுபது தடவைக்கு மேல் கடந்திருக்கிறேன். வீணான நாள் என்று ஒன்றைக்கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. கடினமான நாட்கள் உண்டு.

படத்திலிருந்து தொடங்குகிறேன், உங்களுக்கு அதுதான் பழக்கமான இடம். உலக உருண்டையில் தெற்கே 60 டிகிரி அட்சக்கோட்டில் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்துங்கள். ஒரு தீவுகூடத் தட்டாமல் விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். நம் வங்கக் கடலில் வாடைக் காற்று எவ்வளவு அடித்தாலும் அலை ஓடுவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எங்கேயாவது ஒரு கரை குறுக்கே வந்துவிடும். அங்கே அப்படி எதுவும் வராது. மேற்குக் காற்று உலகைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அலையும் கூடவே ஓடுகிறது. பாய்மரக் காலத்து மாலுமிகள் அந்த அட்சக்கோடுகளுக்கு வைத்த பெயர்களைத் தமிழில் சொன்னால், கர்ஜிக்கும் நாற்பதுகள், சீறும் ஐம்பதுகள், அலறும் அறுபதுகள். காற்றோடு சேர்ந்து ஓடும் நீரோட்டத்தில் ஒவ்வொரு நொடியும் 13 கோடி கன மீட்டருக்கு மேல் தண்ணீர் கடந்து போகிறது. உலகத்து ஆறுகள் அத்தனையும் சேர்ந்து கடலில் கொட்டுவதைப் போல நூறு மடங்குக்கு மேல். உலகை முழுதாகச் சுற்றி ஓடும் நீரோட்டம் இது ஒன்றுதான்.

இந்த வெள்ளம் முழுவதும் ஒரே ஓர் இடத்தில் நெருங்கிப் போக வேண்டியிருக்கிறது. தென் அமெரிக்காவின் ஹார்ன் முனைக்கும் அண்டார்டிகா பக்கத்துத் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள வாசல் அது. அதுதான் டிரேக் நீரிணை. 1578இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் டிரேக்கின் கப்பலைப் புயல் தெற்கே அடித்துக்கொண்டு போனதால் வந்த பெயர். ஹார்ன் முனையை முதலில் சுற்றியவர்கள் டச்சு மாலுமிகளான ஸ்கௌட்டனும் லெ மேரும், அது 1616இல்.

நீங்கள் அர்ஜென்டினாவின் உசுவாயா ஊரில் மாலையில் கப்பலேறுவீர்கள். புறப்படும் முன்பே எல்லோரையும் கூட்டி உயிர்காப்பு அங்கி அணியவும் படகு நிலையத்துக்கு வரவும் பயிற்சி கொடுப்பார்கள். அன்று இரவு பீகிள் கால்வாயில் கப்பல் போகும். இரண்டு பக்கமும் மலை, தண்ணீர் குளம் போல இருக்கும். கால்வாய் முடிகிற இடத்தில் வழிகாட்டி மாலுமி இறங்கிக்கொள்வார். அதற்குப் பிறகு, பெரும்பாலும் நடு இரவில், கட்டில் மெல்ல ஆடத் தொடங்கும். அலமாரிக் கதவு ஒன்று தட்டும். ஐயா விழித்துக்கொண்டு “ஆரம்பித்துவிட்டது” என்பார். ஆமாம், அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவருடைய பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. படகு ஓட்டியவர் மகனான எனக்கே முதல் பருவத்தில் இரண்டு தடவை வாந்தி வந்தது. காசிமேட்டுப் படகு அலைக்கு நேரே அணியத்தை, அதாவது முன்முனையை, திருப்பி ஏறி இறங்கும். டிரேக்கில் கப்பல் தெற்கே போக வேண்டும், அலையோ மேற்கிலிருந்து வருகிறது. அதனால் வலப்பக்க விலாவில் அடி விழுந்துகொண்டே இருக்கும், கப்பல் பக்கவாட்டில் உருளும். இந்த உருளலைக் குறைக்க இரு பக்கமும் மீன் துடுப்பு போன்ற தகடுகளை நீருக்குள் விரித்துவைப்போம். அப்படியும் உருளல் முழுதாக நிற்காது.

எல்லாப் பயணத்திலும் கடல் கொந்தளிப்பதில்லை. சில தடவை எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். அதை ‘டிரேக் ஏரி’ என்போம். மற்றதற்கு ‘டிரேக் குலுக்கல்’ என்று பெயர். நமக்குக் கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ஊர் முழுக்க மூன்று நாள் அதே பேச்சு. அங்கே அவை ஒன்றன் பின் ஒன்றாக மேற்கிலிருந்து வரிசையில் வந்துகொண்டே இருக்கும். கேப்டனின் திறமை எதில் தெரியும் என்றால், ஒன்று கடந்து அடுத்தது வருவதற்குள் இருக்கும் இடைவெளியைப் பிடிப்பதில். சில மணி நேரம் முன்பே கிளம்புவார், அல்லது கால்வாய்க்குள் ஒதுங்கிக் காத்திருப்பார். ‘ஏன் இன்னும் கிளம்பவில்லை’ என்று பயணிகள் முணுமுணுக்கும்போது அவர் உங்கள் வயிற்றுக்காகத்தான் நிற்கிறார்.

தலைசுற்றல் வருவது கண்ணும் காதும் வேறு வேறு செய்தி சொல்வதால். அறைச் சுவர் அசையாமல் நிற்கிறது என்று கண் சொல்கிறது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுகிறோம் என்கிறது. மூளை திணறுகிறது. ஆகவே அடிவானத்தைப் பாருங்கள், கண்ணும் ஆட்டத்தைக் கண்டுகொள்ளும். அல்லது படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டால் பயனில்லை, பீகிள் கால்வாயில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். எந்த மாத்திரை என்பதை ஐயாவின் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவிடுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டை எல்லோருக்கும் ஒத்துவராது, குறிப்பாகச் சிலவகைக் கண் அழுத்த நோய் இருந்தால் கூடாது. வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கொண்டு போங்கள். கப்பலிலும் இஞ்சி மிட்டாயும் பச்சை ஆப்பிளும் வைத்திருப்பார்கள். அறை மாற்றும் வாய்ப்பு இருந்தால் கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். மேல்தள அறைகளுக்கு விலை அதிகம், ஆட்டமும் அதிகம். இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: அந்த நாட்களில் நான் பார்த்த காயங்களில் நிறைய, விரல் கதவிடுக்கில் நசுங்கியவை. கப்பல் உருளும்போது கனமான கதவு தானே வீசி அடிக்கும். கதவின் கைப்பிடியை மட்டும் பிடியுங்கள், விளிம்பைப் பிடிக்காதீர்கள். ஒரு கை எப்போதும் கைப்பிடிக் கம்பியில் இருக்கட்டும்.

காலை உணவுக்குப் போனால் மேசைமேல் வழுக்காத விரிப்பு போட்டிருப்பார்கள். பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். பரிமாறுபவர் தட்டை ஏந்திக்கொண்டு தரை சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நடந்து வருவார், ஒரு சொட்டுக் காபி சிந்தாது. அவர்களில் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள், நம்மவர்களும் உண்டு. சைவ உணவு கிடைக்கும், ஆனால் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு அந்த நாளின் கட்டாய வேலை. இதை யாரும் தவிர்க்க முடியாது, நோயாளி என்றாலும் பிறகு தனியாக வந்து முடித்தாக வேண்டும். கரையிறங்கும்போது அணியப் போகும் உடை, பை, தொப்பி, கைத்தடி, கேமரா முக்காலி அத்தனையையும் கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அங்கே தூசு உறிஞ்சும் கருவிகள், தூரிகை, இடுக்கி, ஊசி எல்லாம் இருக்கும். சட்டைப்பையின் மூலை, காலணியின் அடிப்பள்ளம், ஒட்டுப்பட்டையின் சொரசொரப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விதை, மண், நூல், முடி எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். நம்மூரில் காலி மனையில் குறுக்கே நடந்தால் நாயுருவி விதை புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருமே, அப்படித்தான் புல் விதை கண்டம் தாண்டுகிறது. தெற்கு ஷெட்லாந்து தீவுகளில் ஒன்றான கிங் ஜார்ஜ் தீவில் போலந்து நாட்டு ஆய்வு நிலையத்தைச் சுற்றி, உலகெங்கும் சாலையோரத்தில் முளைக்கிற ஒரு சாதாரணப் புல் இப்படித்தான் மனிதர்களோடு வந்து வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கி ஒழிக்கப் பல ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். ஆகவே அம்மா, ஊரிலிருந்து கொண்டுபோகும் சால்வையை நன்றாக உதறிப் பாருங்கள். தலையில் பூ வைத்துக்கொண்டு இறங்க முடியாது. கரைக்கு உணவு எதையும் எடுத்துப் போகக் கூடாது, ஒரு முறுக்குத் துண்டுகூட.

காலணியைக் கிருமிநாசினியில் நனைத்துத்தான் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியா தீவிலும் 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா நிலப்பரப்பிலும் பறவைக் காய்ச்சல் உறுதியான பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது. பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். அது உங்களை நோக்கி நடந்து வந்தால் நீங்கள் பின்னால் போக வேண்டும். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பல் ஒருவரையும் இறக்கக் கூடாது. நாற்பது ஆண்டு வகுப்பறையைக் கட்டி ஆண்டவர்களே இந்த விதிகளைக் கேட்டுத் தலையாட்டியதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

சொற்பொழிவுகள் இரண்டோ மூன்றோ இருக்கும். பனியாறு, திமிங்கிலம், ஆய்வுப் பயண வரலாறு. பேசுபவர்கள் அந்தத் துறையில் உழைத்தவர்கள். ஆனால் கடல் அமைதியாக இருந்தால் அரங்கத்தை விட்டு வெளியே வாருங்கள் என்பேன். படத்தில் காட்டும் பறவை அப்போது கப்பலின் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அந்தப் பறவையைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. அலையும் அல்பட்ராஸ். இறக்கையை விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மூன்று மீட்டருக்கு மேல், சில மூன்றரையைத் தொடும். கப்பலின் பின்தளத்தில் நின்று பாருங்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆனாலும் அது ஒரு தடவைகூட இறக்கையை அடிக்காது. காற்றை எதிர்த்து மேலே ஏறும், ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும், காற்றோடு சேர்ந்து அலைப்பள்ளத்துக்குள் சறுக்கி இறங்கும், இறக்கை நுனி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போகும், மறுபடி ஏறும்.

இதன் சூட்சுமம் நம் வடசென்னைப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். தெருவில் நின்று காற்றாடி விட்டால் ஏறாது. மொட்டைமாடிக்குப் போனால் கொஞ்சம் ஏறும். இன்னும் நூலை விட்டால் மேலே ஒரு காற்று அதைப் பிடித்துக்கொள்ளும், பிறகு நூல் கையை இழுக்கும். தரையோடு உராய்வதால் கீழே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் போகிறது. கடலிலும் அதே கதைதான். அலையோடு உரசிக் கீழ்க்காற்று தளர்கிறது. அந்த இரண்டு காற்றுக்கும் நடுவே ஏறி இறங்கித்தான் அல்பட்ராஸ் தன் வேகத்தைச் சம்பாதிக்கிறது. இறக்கையை விரித்தபடி பூட்டிவைக்க அதன் தோளில் தனி நாணே இருக்கிறது. பறக்கும்போதும் அதன் இதயம் கிட்டத்தட்ட ஓய்வில் இருப்பது போலவே துடிப்பதாக அளந்து கண்டிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதனால் ஒன்று செத்தாலும் இழப்பு பெரிது. நெடுந்தூரக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில் முட்களைக் கட்டி இழுக்கும் மீன்பிடிக் கப்பல்களில் இரையைக் கவ்வப் போய் முள்ளில் மாட்டி மூழ்கிச் சாகின்றன. இப்போது பல கப்பல்கள் கயிற்றின் மேலே வண்ண நாடாக்களைப் பறக்கவிட்டுப் பறவையை விரட்டுகின்றன, இரவில் மட்டும் தூண்டிலை இறக்குகின்றன. செலவில்லாத வேலைதான். கடலோரத்தில் பிறந்தவன் என்ற முறையில், இது இன்னும் எல்லாக் கப்பலிலும் நடக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சதுரங்கப் பலகை போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை கூட்டமாகக் கூட வரும், அது கேப் பெட்ரல். அலைமேல் காலைத் தட்டித் தட்டி நடப்பது போலப் பறக்கிற குருவி அளவுப் பறவை வில்சன் புயல் பெட்ரல். எடை நாற்பது கிராம்கூட இராது. அண்டார்டிகாவில் குஞ்சு பொரித்துவிட்டு நம் அரபிக் கடல் வரைக்கும் வந்து போகிற பறவை அது.

மதியத்துக்கு மேல் பிரிட்ஜுக்குப் போங்கள். கப்பலைச் செலுத்தும் அறையைத்தான் பிரிட்ஜ் என்கிறோம். இந்தவகைக் கப்பல்களில் பலவற்றில், வேலை நெருக்கடி இல்லாத நேரத்தில் பயணிகளை உள்ளே விடுவார்கள். சத்தமில்லாமல் நின்றால் போதும். என்னுடைய முறை பகல் 12 முதல் 4, இரவு 12 முதல் 4. எல்லாக் கப்பலிலும் இரண்டாம் அதிகாரிக்கு வழக்கமாக அந்த நேரம்தான். கேள்வி கேட்பவர்கள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷமாகவே இருக்கும். திரையில் கப்பல் இருக்கும் இடம், கீழே ஆழம் மூவாயிரம் மீட்டருக்கு மேல், காற்றின் வேகம், கடல்நீரின் வெப்பம் எல்லாம் தெரியும். ரேடாரில் பெரிய பனிப்பாறை தெளிவாக விழும். வீடளவுக்கும் வண்டியளவுக்கும் உடைந்து மிதக்கும் துண்டுகள் திரையில் அலை காட்டும் புள்ளிக் கூட்டத்தில் மறைந்துவிடும், ஆபத்து அவற்றில்தான். அதனால் தெற்கே போகப் போக வேகத்தைக் குறைத்து, கண்ணை நம்பி, இரவில் தேடுவிளக்குப் போட்டு ஓட்டுவோம்.

அங்கே நிற்கும்போது ஒரு பழைய பயணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகா ஆய்வுப் பயணத் தலைவர் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கி 1915 நவம்பரில் மூழ்கியது. ஆட்கள் எலிஃபன்ட் தீவில் ஒதுங்கினார்கள். 1916 ஏப்ரல் 24 அன்று அவரும் ஐந்து பேரும் ஏழு மீட்டர் நீளம்கூட இல்லாத படகில் உதவி தேடித் தெற்கு ஜார்ஜியா நோக்கிக் கிளம்பினார்கள். சுமார் 1,300 கிலோமீட்டர், பதினாறு நாள். வழி சொன்னவர் பிராங்க் வோர்ஸ்லி. அத்தனை நாளில் சூரியன் நான்கே தடவைதான் கோணம் அளக்கும்படி முகம் காட்டியது. மே 10 அன்று கரையேறினார்கள். தீவில் விட்டுவந்த 22 பேரையும் சிலி நாட்டுக் கப்பல் ஆகஸ்ட் 30 அன்று உயிரோடு மீட்டது. மின்விளக்கு, ஜிபிஎஸ், வெந்நீர்க் குழாய் எல்லாம் இருக்கிற அறையில் நின்றுகொண்டு அதே அலைகளைப் பார்க்கும்போது, என் கை தானாகக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஐயாவுக்கு இன்னொரு கேள்வி இருக்கும், கேட்க மாட்டார்: கப்பல் மூழ்கியிருக்கிறதா? மூழ்கியிருக்கிறது. 1969இல் இந்தவகைப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முன்னோடிக் கப்பலான எக்ஸ்ப்ளோரர், 2007 நவம்பர் 23 அன்று தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் படகுகளில் இறங்கிச் சில மணி நேரம் மிதந்து, வேறொரு பயணிகள் கப்பலால் மீட்கப்பட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. 2017 முதல் துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கெனத் தனிச் சர்வதேச விதித்தொகுப்பே நடைமுறையில் இருக்கிறது. கனமான கரி எண்ணெயை எரிபொருளாகக் கொண்டுபோவதற்கு 60 டிகிரிக்குத் தெற்கே 2011 முதல் தடை. எக்ஸ்ப்ளோரர் பயணிகள் பிழைத்ததற்கு ஒரு காரணம், முதல் நாள் மாலை எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு செய்யும் அந்தப் படகுப் பயிற்சி போன்ற ஒழுங்குகள்தான். ஐயாவை அதற்கு முதல் ஆளாக அனுப்பி வையுங்கள்.

இனி, விமானம் வேண்டாம் என்று நான் சொன்னதன் காரணத்துக்கு வருகிறேன்.

அண்டார்டிகா எங்கே தொடங்குகிறது? அண்டார்டிகா ஒப்பந்தம் 60 டிகிரி என்கிறது. 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. நாம் 1983இல் சேர்ந்தோம். அது மனிதன் போட்ட கோடு. இயற்கை போட்ட கோடு அதற்குக் கொஞ்சம் வடக்கே, நீங்கள் போகும் வழியில், தண்ணீருக்குள் இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான நீரும் தெற்கிலிருந்து வரும் கடுங்குளிர் நீரும் சந்திக்கும் இடம். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் போய்விடும். சில பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் மேல்நீரின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி விழுந்துவிடும். அண்டார்டிகச் சங்கமம் என்று தமிழில் சொல்லலாம்.

பெரும்பாலும் முதல் நாள் இரவோ இரண்டாம் நாள் காலையோ அதைக் கடப்பீர்கள். முந்தின நாள் வரை காற்று குளிராகத்தான் இருந்திருக்கும். அன்று காலை தளத்துக்கு வந்தால் குளிரின் குணமே மாறியிருக்கும். மூக்குக்குள் ஊசி போலப் போகும். பல நேரம் மூடுபனி கவிந்திருக்கும், கப்பலின் முன்முனைகூட மங்கலாகத் தெரியும். கூட வந்த பறவைகளில் சில நின்றுவிடும், புதியவை சேரும். ஒரு பலகையும் இல்லை, ஒரு சாவடியும் இல்லை. ஆனால் வேறு நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று உடம்புக்குத் தெரியும்.

தென் அமெரிக்காவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த காலம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அவை பிரிந்து இந்த வாசல் திறந்தது. சுற்றி ஓடத் தொடங்கிய நீரோட்டம் வெப்பமண்டலத்துச் சூட்டைத் தெற்கே போகவிடாமல் வேலி போட்டதும், அந்தக் கண்டம் பனிக்குள் புதைந்ததற்கான காரணங்களில் ஒன்று. நீங்கள் வகுப்பில் சொன்ன பாடத்தின் வேலி இது. விமானத்தில் போனால் சிலியின் புன்டா அரீனாஸிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கிங் ஜார்ஜ் தீவில் இறங்கிவிடலாம். வேலிக்கு மேலே மேகத்தில் தூங்கிக்கொண்டே போய்விடுவீர்கள். மூடுபனி இருந்தால் விமானமும் நாள் கணக்கில் காத்திருக்கும். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அது நல்ல வழி, குறை சொல்லவில்லை. நடக்கத் திடமுள்ள உங்கள் இருவருக்கும் அது தேவையில்லை.

அந்த வேலிக்கு உள்ளேதான் கிரில் பெருகிக் கிடக்கிறது. காசிமேட்டில் காயவைத்து விற்கும் சென்னாங்குனியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அக்காள் போல இருக்கும், ஆறு சென்டிமீட்டர்வரை வளரும், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். கடல்மேல் பல கிலோமீட்டருக்குச் சிவந்த திரளாகத் திரியும். அதன் மொத்த எடை பல கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். பெங்குவின், சீல், திமிங்கிலம் எல்லாம் நேராகவோ சுற்றிவளைத்தோ அதைத் தின்றுதான் வாழ்கின்றன. அண்டார்டிகாவின் கடல் உயிர்களைக் காக்க 1980இல் நாடுகள் தனி உடன்படிக்கை செய்தபோது, தங்கள் வசதிக்கு ஓர் அட்சக்கோட்டை எடுத்துக்கொள்ளாமல் ஏறத்தாழ இந்தச் சங்கமத்தையே எல்லையாக வரைந்தார்கள். மீன் வாழும் இடத்தைப் பார்த்து மனிதன் கோடு போட்ட அரிய இடம். கடலில் எல்லைக்கோட்டால் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் விட்டிருக்கின்றன என்று தெரிந்த ஊர்க்காரனுக்கு, இந்த ஒரு கோட்டின்மேல் தனி மரியாதை.

சங்கமம் கடந்த பிறகு எல்லோருடைய கண்ணும் அடிவானத்தில் இருக்கும். முதல் பனிப்பாறையைப் பார்ப்பது யார், எத்தனை மணிக்கு என்று கப்பலில் போட்டி வைப்பார்கள். முதலில் அது மேகம் போலத் தெரியும். மேகம் நகரும், இது நகராது. அருகே வந்தால் வெள்ளை என்று நாம் நினைத்திருந்ததற்குள் நீலம் இருக்கும். பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமானது நீருக்கு அடியில். பேச்சு அடங்கிவிடும். உருளலும் மெல்லக் குறைந்திருக்கும், தீவுகளின் மறைவு வந்துவிட்டதால். காலை உணவுக்கு வராத அத்தனை பேரும் அப்போது தளத்தில் நிற்பார்கள்.

சிறு கேள்விகள் இரண்டு மிச்சம். நம் மைத்ரி, பாரதி ஆய்வு நிலையங்களை இந்தப் பயணத்தில் பார்க்க முடியாது. அவை கிழக்கு அண்டார்டிகாவில் இருக்கின்றன. நீங்கள் போவது தென் அமெரிக்காவைப் பார்த்த தீபகற்பம். இன்னொன்று, மருத்துவ மீட்புக்கான காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் அடுத்த மருத்துவமனை இரண்டு நாள் கடலுக்கு அப்பால்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன் அம்மா. ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். பீகிள் கால்வாயை விட்டதிலிருந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரிட்ஜில் கேட்டு நேரம், அட்சரேகை, கடல்நீர் வெப்பம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஐந்து ஆறு டிகிரியில் இருக்கும். ஏதோ ஓர் இடத்தில், இரண்டு வரிகளுக்கு நடுவே, எண் சரிந்து இரண்டுக்கும் ஒன்றுக்கும் வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். திரும்பும்போதும் இதையே செய்தால் இரண்டாவது கோடு வேறோர் அட்சரேகையில் விழக்கூடும், ஏனென்றால் அந்த வேலி அசைந்துகொண்டே இருக்கிறது. ஊருக்கு வந்ததும் அந்தத் தாளை எனக்குக் காட்டுங்கள். ராயபுரத்தில்தான் இருக்கிறேன், மாதா கோவிலுக்குப் பின்னால். என்னிடம் என் ஆறு பருவத்துக் கோடுகளும் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.